கருவிலே குறைபட்ட செவி

குழந்தை பிறந்து, ஆணா பெண்ணா என்று அறிந்துகொண்ட மறுகணமே, அதன் கைவிரல்களையும் கால்விரல்களையும் எண்ணிப் பார்ப்பதும், நெற்றி தாத்தாவினுடையது, மூக்கு அத்தையினுடையது என்று ஜாடைகளைப் பங்கிட்டுக்கொள்வதும் நம் குடும்பங்களில் தொன்றுதொட்டு நடந்துவரும் சந்தோஷச் சடங்கு. அவ்வாறு பார்க்கும்போது, துணியை விலக்கிச் சிசுவின் தலையைத் திருப்பியவர்கள், ஒரு பக்கத்துச் செவி இருக்கவேண்டிய ஸ்தானத்தில் உருவமற்ற ஒரு சிறு தோல்மடிப்பு மாத்திரம் இருப்பதையும், காதுத் துவாரமே இல்லாமல் அவ்விடம் மூடிக் கிடப்பதையும் கண்டால், அந்த வீட்டின் சந்தோஷம் எவ்வாறு கலங்கிப்போகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்திக் கடுக்கன் போடுவதைப் பற்றி மாதக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சற்றுப் போகிறார்கள். பிறகு யாரோ ஒரு மூதாட்டி, "கிரகணத்தன்னிக்கு இவ வெளியிலே வந்திருப்பா" என்கிறாள். பழி தாயின் தலைமேல் விழுந்துவிடுகிறது.

அந்தப் பழி எவ்வளவு அநியாயமானது என்பதையும், செவியின் குறை எப்பொழுது, எவ்வாறு உண்டாகிறது என்பதையும், அதனோடு கூடவே தேகத்தின் வேறெந்த அவயவங்கள் பழுதுபட்டிருக்கக்கூடும் என்பதையும், இவை யாவற்றிலும் முதலாவதாகக் கவனிக்கவேண்டியது எது என்பதையும் வைத்திய சாஸ்திரம் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் பெரும்பாலும் தெளிவாகவே கண்டறிந்திருக்கிறது. அந்த அறிவு மருத்துவமனைச் சுவர்களுக்குள்ளேயே நின்றுவிடாமல் வீடுகளுக்கும் வந்து சேரவேண்டும் என்பதே இதை எழுதுவதன் நோக்கம்.

செவிமடல் சிறுத்தும் உருக்குலைந்தும் இருக்கும் நிலையை மைக்ரோஷியா என்றும், அறவே இல்லாத நிலையை அனோஷியா என்றும் வைத்தியர்கள் குறிப்பிடுகிறார்கள். பத்தாயிரம் பிரசவங்களில் சுமார் 1 முதல் 4 குழந்தைகள் வரை இவ்விதம் பிறக்கின்றன. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாடுகளிலும், வட அமெரிக்காவின் நவாஹோ பழங்குடியினரிடையேயும் இந்த விகிதம் அதிகம். பெரும்பாலோருக்கு ஒரு பக்கத்துச் செவியே குறைபடுகிறது. அதிலும் வலச்செவி குறைபடுவதே மிகுதி. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடமே கூடுதலாகக் காணப்படுகிறது. இது ஏன் என்பதற்கு இன்றளவும் திருப்தியான விடை இல்லை. 1926-ஆம் ஆண்டில் மார்க்ஸ் என்ற ஜெர்மானிய வைத்தியர், சற்றே சிறுத்த செவி முதல் அடையாளம் தெரியாத தோல்முடிச்சு வரை இக்குறையைப் படிகளாக வகுத்துக் காட்டினார். அந்த வகுப்பு முறையே சில திருத்தங்களுடன் இன்னும் வழங்கிவருகிறது.

இனி, செவி கருவில் உருவாகும் விதத்தைச் சற்று நிதானமாகவே பார்க்கவேண்டும்; ஏனெனில் பின்னால் வரும் யாவும் அதிலிருந்தே விளங்குகின்றன. நாம் ஒரே அவயவமாக எண்ணும் காது, உண்மையில் மூன்று வேறு வம்சங்களிலிருந்து வந்து ஒன்றுசேர்ந்த ஒரு கூட்டுக் குடும்பம். ஒலியை நரம்பின் செய்தியாக மாற்றும் உட்காது, கருத்தரித்த நான்காவது வாரத்திலேயே, பின்மூளைக்குப் பக்கத்தில் தோலின் ஒரு சிறு தடிப்பாகத் தொடங்கி, உள்ளே குழிந்து, ஒரு பையாக மூடிக்கொண்டு, பிறகு இரண்டரைச் சுற்றுச் சுருளாகிய காக்ளியாவாகவும், தேகத்தின் சமநிலையைக் காக்கும் மூன்று அரைவட்டக் குழாய்களாகவும் விரிகிறது. வெளிச்செவியின் வரலாறோ முற்றிலும் வேறு. சிசுவின் கழுத்துப் பகுதியில் தொண்டை வளைவுகள் எனப்படும் வரம்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தோன்றுகின்றன. அவற்றுள் முதல் வளைவிலிருந்து கீழ்த்தாடையும், இரண்டாவது வளைவிலிருந்து முகத்தை அசைக்கும் தசைகளும் உண்டாகின்றன. கரு ஒரு சென்டிமீட்டர் நீளமே இருக்கும் ஆறாவது வார அளவில், இவ்விரு வளைவுகளின் ஓரத்திலும் மும்மூன்றாக ஆறு சிறு மேடுகள் எழுந்து, ஒன்றோடொன்று இணைந்து, மடலின் மேடு பள்ளங்கள் யாவும் ஆகின்றன. இந்த ஆறு மேடுகளையும் 1885-இல் விவரித்துக் காட்டியவர் வில்ஹெல்ம் ஹிஸ் என்ற உடற்கூறு நிபுணர். இன்றும் அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன. இரு வளைவுகளுக்கும் இடையிலுள்ள பிளவே காதுத் துவாரமாகிறது. அது நெடுநாள்வரை அணுக்களால் அடைபட்டுக் கிடந்து, கர்ப்பத்தின் ஏழாவது மாத அளவில்தான் முழுவதும் திறக்கிறது. செவிப்பறைக்குப் பின்னால் ஒலியைக் கடத்தும் மூன்று நுண்ணிய எலும்புகளுள் சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும் முதல் வளைவின் வழிவந்தவை; அங்கவடி எலும்பின் பெரும்பகுதி இரண்டாவது வளைவைச் சேர்ந்தது.

இந்த வரலாற்றிலிருந்து, பெற்றோர்கள் உடனே அறியவேண்டிய ஓர் ஆறுதலான உண்மை பெறப்படுகிறது. வெளிமடலும் துவாரமும் நடுக்காதும் குறைபட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு, வேறு வம்சத்ததாகிய உட்காது நன்றாகவே இருக்கிறது. துவாரம் மூடியிருப்பதால் ஒலி உள்ளே செல்வதில்லை. 40 முதல் 60 டெசிபெல் வரை கேள்வி குறைகிறது. ஆனால் ஒலியை எப்படியாவது உள்ளே சேர்த்துவிட்டால் அதைக் கேட்கும் கருவி உள்ளே காத்துக்கொண்டிருக்கிறது. பார்வைக்கு மிகவும் பயங்கரமாகத் தோன்றும் செவிதான் பெரும்பாலும் சிகிச்சைக்கு வசப்படுவது. இதற்கு நேர்மாறாக, கடைந்தெடுத்தாற்போன்ற மடலுடன் பிறக்கும் குழந்தை முழுச் செவிடாக இருக்கவும் கூடும். 1791-இல் கார்லோ மோண்டினி என்ற இத்தாலிய வைத்தியர், வண்டி மோதி இறந்துபோன எட்டு வயதுச் செவிட்டுச் சிறுவன் ஒருவனுடைய காதெலும்பை அறுத்துச் சோதித்து, அதன் காக்ளியாவில் இரண்டரைச் சுற்றுக்குப் பதிலாக ஒன்றரைச் சுற்றே இருப்பதைக் கண்டு, பொலோனா நகரத்து அறிஞர் சபையில் தெரிவித்தார். வெளியில் யாதொரு குறையும் தெரியாமலே உள்ளே காது குறைபட்டிருக்கலாம் என்பதற்கு அது முதன்மையான சாட்சியமாயிற்று.

வெளிச்செவி குறைபடுவதற்குக் காரணம் யாது? பெரும்பாலான குழந்தைகளிடம் தனியொரு காரணத்தைச் சுட்டிக் காட்ட முடிவதில்லை. ஆயினும், காரணம் ஐயமறத் தெரிந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. மனித வரலாற்றிலேயே மிகத் துயரமான மருந்துக் கதை அது. 1956-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, ஜெர்மனியில் ஆஹன் நகரத்துக்கு அருகிலுள்ள ஸ்டோல்பெர்க் என்ற சிற்றூரில் ஒரு பெண்குழந்தை இரு செவிகளும் இல்லாமல் பிறந்தது. தகப்பனார் அவ்வூரிலுள்ள கிரூனென்தால் மருந்துக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர். கம்பெனி புதிதாகத் தயாரித்திருந்த தூக்க மாத்திரையைக் கர்ப்பிணியான தம் மனைவிக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அப்பொழுது யாரும் இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபர் 1 அன்று தாலிடோமைட் என்ற அந்த மருந்து, கான்டர்கன் என்ற பெயருடன், வைத்தியரின் சீட்டுக்கூட வேண்டாத அளவுக்கு நிரபாயமானதென்ற உறுதிமொழியோடு ஜெர்மானியக் கடைகளுக்கு வந்தது. வெவ்வேறு பெயர்களில் 46 நாடுகளுக்குப் பரவியது. கர்ப்பகாலத்து மசக்கைக்கும் தூக்கமின்மைக்கும் இலட்சக்கணக்கானவர்கள் அதை விழுங்கினார்கள்.

கைகளும் கால்களும் குறுகிப்போன குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறக்கத் தொடங்கியபோது, ஹாம்பர்க் நகரத்துக் குழந்தை வைத்தியர் விடுகிண்ட் லென்ஸ் அந்தக் குடும்பங்களைத் தேடிச் சென்று விசாரித்தார். அவர் அனுப்பிய கேள்வித்தாள்களில் தாய்மார்கள் பலர் அந்த மாத்திரையின் பெயரையே எழுதியிருக்கவில்லை. நேரில் கேட்டபோது, அது சொல்லத் தகுந்த மருந்தென்றே தாங்கள் நினைக்கவில்லை என்றார்கள். 1961 நவம்பரில் லென்ஸ் எச்சரிக்கை செய்தார். அம்மாதம் 27 அன்று மருந்து ஜெர்மனியில் திரும்பப் பெறப்பட்டது. டிசம்பரில் ஆஸ்திரேலிய வைத்தியர் வில்லியம் மக்பிரைடின் கடிதம் இலண்டன் பத்திரிகையில் வெளிவந்தது. அதற்குள் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அங்கஹீனமாகப் பிறந்திருந்தன. அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்ஸி என்ற அதிகாரி, போதுமான ஆதாரங்கள் காட்டப்படும்வரை அனுமதி தர முடியாதென்று கம்பெனியின் நெருக்குதலுக்கெல்லாம் அசையாமல் உறுதியாக நின்றதால், அந்நாட்டுக் குழந்தைகளிற் பெரும்பாலோர் தப்பினார்கள். ஒரு பெண்மணி தம் மேஜையின் முன் உட்கார்ந்து செய்த காரியங்களுள் இதனினும் மேலான ஒன்றை நான் அறியேன்.

கைகால்களின் குறையே உலகத்தின் கண்ணில் பட்டது. ஆனால் செவிக்குறை பற்றி அந்தக் கதை கற்பித்த பாடம் விஞ்ஞானத்துக்கு விலைமதிப்பற்றது. எந்த நாளில் மாத்திரை உட்கொள்ளப்பட்டது என்பதைத் தாய்மார்கள் நினைவுகூர்ந்து சொன்ன குடும்பங்களை ஒப்பிட்டபோது, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணி 34-ஆம் நாள் தொடங்கி 38-ஆம் நாள் வரை மருந்து உட்சென்றால் செவிகள் இல்லாமற்போயின, முகத்தை அசைக்கும் நரம்பும் செயலிழந்தது. சில நாட்கள் பிந்தி உட்சென்றால் கைகள் குறைபட்டன. அதற்கும் சற்றே பிந்தினால் கால்கள். 50-ஆம் நாளுக்குப் பிறகு இவ்விதக் குறைகள் உண்டாகவில்லை. 34-ஆம் நாள் என்றால் மாதவிலக்கு வரவேண்டிய நாள் கடந்து ஆறு நாட்கள்; தான் கர்ப்பமுற்றிருப்பதையே பல பெண்கள் சந்தேகித்துக்கொண்டிருக்கும் சமயம். ஹிஸ் கண்ட ஆறு மேடுகள் அப்பொழுது கருவில் எழும்பியிருக்கவே இல்லை. மேடுகளாகப் போகும் அணுக்களே புறப்படும் தறுவாயில் அழிந்துபோயின. உட்காதின் தடிப்பும் அதே நாட்களிற் தொடங்குவதால், மற்ற மைக்ரோஷியாக் குழந்தைகளுக்குக் கிடைத்த ஆறுதல் தாலிடோமைட் குழந்தைகளிற் பலருக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்கு உட்காதும் சேர்ந்தே கெட்டது. ஆகவே, குறைபட்ட செவி ஒன்றைக் காணும்போது, கருவின் வாழ்க்கையில் நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் ஏதோ நேர்ந்திருக்கிறது என்று காலத்தை ஒருவாறு குறிக்க முடிகிறது. ஐந்தாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ வந்த கிரகணம், அதற்கெல்லாம் வெகு முன்பே நடந்து முடிந்துவிட்ட காரியத்தை எவ்வாறு செய்திருக்கும்?

தாலிடோமைட் இன்றும் உலகத்தில் இருக்கிறது. தொழுநோயில் வரும் ஒருவிதக் கடுமையான வீக்கத்துக்கு அது கைகண்ட மருந்தென்பதை 1964-இல் ஜெரூசலத்தில் யாக்கோபு ஷெஸ்கின் கண்டார். எலும்பு மஜ்ஜையின் புற்றுநோய்க்கும் இப்பொழுது அது கொடுக்கப்படுகிறது. கர்ப்பம் தரிக்கக்கூடிய பெண்களுக்கு மாத்திரம் கண்டிப்பான காவலின்றி அதைக் கொடுக்கக் கூடாது. நம் ஊர்களில் அதனினும் எளிதாகக் கைக்கு எட்டும் மற்றொரு மருந்து உண்டு: முகப்பருவுக்கென உட்கொள்ளப்படும் ஐசோட்ரெடினோயின். 1982-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட இது வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்தது. கருவின் முதல் வாரங்களில் உட்சென்றால் செவிகளையும், இருதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாய்களையும், மூளையையும் ஒருங்கே குலைத்துவிடும் என்பதை 1985-இல் லாமர் என்பவரும் அவருடைய சகாக்களும் நிரூபித்தார்கள். விவாகத்துக்கு முன் முகம் தெளியவேண்டுமென்று இந்த மாத்திரையை விழுங்கும் பெண்களுக்கு, அதை நிறுத்தி ஒரு மாதமாவது கழிந்த பின்னரே கருத்தரிக்கலாம் என்பதை எழுதிக் கொடுக்கும் வைத்தியரும் வேண்டும், வாயினாற் சொல்லும் கடைக்காரரும் வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் சாப்பிடும் மைக்கோஃபினோலேட்டும் செவியைக் குலைக்க வல்லதே. தாய்க்கு முன்னரே நீரிழிவு இருந்து, அது கட்டுப்படாமல் கர்ப்பம் தொடங்கினாலும் இக்குறை கூடுதலாகக் காணப்படுகிறது. நீரிழிவு மலிந்த நம் நாட்டில் இதை அலட்சியம் செய்வதற்கில்லை.

இப்போது, செவியோடு கூடப்பிறக்கும் மற்றக் குறைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். மைக்ரோஷியாக் குழந்தைகளில் 20 முதல் 60 சதவீதம் பேருக்கு வேறொரு பிறவிக்குறையும் உண்டென்று வெவ்வேறு ஆராய்ச்சிகள் கூறுகின்றன. இவ்வளவு பெரிய வித்தியாசம், யார் எவ்வளவு கவனமாகத் தேடினார்கள் என்பதைப் பொறுத்தது. ஏன் கூடப்பிறக்கின்றன என்றால், செவியை அமைக்கும் அணுக்கள் செவிக்கென்றே பிறந்தவை அல்ல. கருவின் முதுகுப்புறத்து நரம்புக் குழாய் மூடிக்கொள்ளும்போது அதன் விளிம்பிலிருந்து நரம்பு முகட்டு அணுக்கள் என்று ஒரு கூட்டம் பிரிந்து, முகத்துக்கும் தாடைக்கும் செவிக்கும் இருதயத்துக்கும் குடிபெயர்ந்து செல்கிறது. நாற்றங்காலில் நாற்றுக் குறைந்துபோனால், அதிலிருந்து பறித்து நடவேண்டிய வயல்கள் எல்லாமே கலக்கமாகத்தான் விளையும். செவி அந்த வயல்களுள் ஒன்று.

இதற்குத் தக்க உதாரணம், 1900-ஆம் ஆண்டில் இலண்டன் கண்வைத்தியர் எட்வர்ட் டிரீச்சர் காலின்ஸ் விவரித்த நிலை. கன்னத்தெலும்பு வளராமல், கண்களின் வெளிக்கோணம் கீழ்நோக்கிச் சரிந்து, கீழிமையில் ஒரு வெட்டுண்டு, தாடை சிறுத்து, இரு செவிகளும் குலைந்து பிறக்கும் இக்குழந்தைகள், ஏறத்தாழ 50,000 பிரசவங்களுக்கு ஒருவர். 1996-இல் இதற்குரிய மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. அணுக்கள் புரதம் செய்யும் சாதனங்களை உற்பத்தி செய்வதற்கு அந்த மரபணு இன்றியமையாதது. அது பழுதானால் வேகமாகப் பெருகவேண்டிய நரம்பு முகட்டு அணுக்கள் ஈடுகொடுக்க முடியாமல் மடிகின்றன. ஐந்தில் மூன்று குழந்தைகளுக்கு அந்தப் பழுது பெற்றோரிடம் இல்லாமல் புதிதாகவே தோன்றுகிறது. இங்கே அழுத்திச் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று: இக்குழந்தைகளின் புத்தி பெரும்பாலும் மற்றக் குழந்தைகளின் புத்தியைப் போன்றதே. முகத்தைப் பார்த்து மந்தமென்று தீர்மானித்து, காது கேளாததைக் கவனிக்காமல் விட்டு, பேச்சு வராமல் செய்து, பிறகு "பார்த்தீர்களா, மந்தம்தான்" என்று சொல்லும் கொடுமை எத்தனையோ வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் நடந்திருக்கிறது.

இதைவிடப் பரவலாகக் காணப்படுவது, முகத்தின் ஒரு பாதி மாத்திரம் சிறுத்துப்போகும் நிலை. அந்தப் பக்கத்துச் செவி குலைந்து, தாடை குட்டையாகி, வாய் ஒருபுறம் கோணுகிறது. இத்துடன் கண்விழியின் மேல் கொழுப்புக் கட்டியும் முதுகெலும்புகளின் பிறழ்ச்சியும் சேர்ந்து வரும்போது, 1952-இல் விவரித்தவரின் பெயரால் கோல்டென்ஹார் நிலை என்கிறார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாமற்போவது உண்டு என்பதால், மரபணு ஒன்றே இதற்குக் காரணமாக இருக்க முடியாது. வளைவுகளுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் சிறு நாளம் ஒன்று கருவிலே வெடித்து, அங்கே தேங்கிய இரத்தம் அணுக்களை அழித்திருக்கலாமென்று 1973-இல் டேவிட் பாஸ்வில்லோ விலங்குகளில் செய்த பரிசோதனைகளைக் கொண்டு கூறினார். இக்குழந்தைகளுக்கு முதுகையும் இருதயத்தையும் சிறுநீரகத்தையும் கண்ணையும் சோதித்தே தீரவேண்டும்.

சிறுநீரகம் எங்கே, செவி எங்கே என்று கேட்கத் தோன்றும். இயற்கை ஒரே மரபணுவை இரண்டு இடங்களில் வேலை வாங்குகிறது என்பதே விடை. காதுக்கு முன்னால் ஊசித் துளை போன்ற குழி, கழுத்தின் பக்கவாட்டில் நீர் கசியும் துளை, கேள்விக் குறைவு, சிறுநீரகக் குறை ஆகிய நான்கும் பரம்பரையாகச் சேர்ந்து வரும் ஒரு நிலையை 1975-இல் மெல்னிக் விவரித்தார்; அதற்குரிய மரபணு 1997-இல் கிடைத்தது. ஆனால் காதுக்கு முன்னால் குழியோ தோல்முடிச்சோ இருக்கும் குழந்தைகளெல்லாம் சிறுநீரக ஸ்கேனுக்கு ஓடவேண்டியதில்லை. நம்மிற் பலருக்கு அந்தக் குழி இருந்தும் யாதொரு தீங்கும் இல்லை. குடும்பத்தில் செவிடோ சிறுநீரக நோயோ இருந்தாலும், வேறொரு குறை கூடவே தெரிந்தாலும், தாய்க்கு நீரிழிவு இருந்தாலும் ஸ்கேன் அவசியம். இனி, செவிமடலின் அடிச்சோணை இல்லாமல் கிண்ணம்போற் குவிந்த செவியுடன், கண்ணில் பிளவும் இருதயக் குறையும் மூக்கின் பின்துவார அடைப்பும் சேர்ந்து வரும் சார்ஜ் நிலை என்று ஒன்றுண்டு. அதில் உட்காதின் அரைவட்டக் குழாய்களே இராமையால் குழந்தை உட்காரவும் நடக்கவும் வெகு தாமதமாகும். 1946-இல் சிகாகோவின் எடித் பாட்டர் கண்டதோ வேறு வகை: சிறுநீரகம் இரண்டும் இல்லாத சிசுக்களுக்குப் பனிக்குட நீர் இல்லாமற்போய், கர்ப்பப்பையின் சுவர் நெருக்கி, செவிகள் தட்டையாகித் தாழ்ந்திருந்தன. அங்கே செவி அமைப்பில் தவறவில்லை, அமுக்கப்பட்டிருந்தது.

அமைப்பில் தவறிய செவிக்கும் அமுங்கி மடங்கிய செவிக்கும் உள்ள இந்த வித்தியாசம் சிகிச்சையில் மிகவும் பயன்படுகிறது. எல்லா உறுப்பும் இருந்து, மடல் மாத்திரம் மடங்கியோ குவிந்தோ பிறந்த குழந்தைக்கு, தாயிடமிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் உடலில் மிஞ்சியிருக்கும் முதல் சில வாரங்களில் செவியின் குருத்து மெழுகாக இளகியிருக்கிறது. அந்த நாட்களில் தகுந்த அச்சை வைத்து ஒட்டிவிட்டால் கத்தியே படாமல் மடல் திருந்துமென்று 1980-களில் ஜப்பானிய வைத்தியர்கள் காட்டினார்கள். இரண்டு மாதம் கழித்து வந்தால் அந்த வாய்ப்பு பெரும்பாலும் போய்விடுகிறது.

உண்மையில் குறைபட்ட செவிக்கு மடல் செய்து வைப்பது நெடிய ரண சிகிச்சை. அறுந்த காதுச் சோணையை ஒட்டுவதற்குப் பதினைந்து முறைகளைச் சுசுருத சம்ஹிதை வகுத்திருக்கிறது என்பதில் நாம் பெருமைகொள்ளலாம். ஆனால் இல்லாத மடலை முழுவதும் உண்டாக்குவது வேறு காரியம். இலண்டனின் ஹரால்ட் கில்லிஸ் தாய்மார்களின் காதுக் குருத்தையே எடுத்துக் குழந்தைகளுக்கு வைத்துப் பார்த்தார். தாய்மார்களும் மனமுவந்து கொடுத்தார்கள். ஆயினும் சில ஆண்டுகளில் அந்தக் குருத்து கரைந்துபோயிற்று. 1959-இல் அமெரிக்காவின் ராட்போர்ட் டான்சர், குழந்தையின் சொந்த விலா எலும்புக் குருத்தைச் செதுக்கி மடல் அமைத்து வெற்றி கண்டார். அமெரிக்காவில் பர்ட் பிரென்டும் ஜப்பானில் நகாட்டாவும் அதைச் செம்மைப்படுத்தினார்கள். போதிய குருத்துக்கு விலா வளர்ந்திருக்க வேண்டுமாதலால், ஆறு வயது முதல் பத்து வயது வரை காத்திருப்பார்கள். காதுத் துவாரத்தைத் திறப்பது அதனினும் சிக்கலானது. முக நரம்பு இக்குழந்தைகளுக்கு இடம்மாறி ஓடுவதால், தகுதியானவர்களை ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்தே செய்யவேண்டும்.

இங்கேதான் நம் குடும்பங்கள் ஒரு பெரும் பிழை செய்கின்றன. "ஆறு வயசுக்கு மேலதான் ஆபரேஷனாம்" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், ஆறு வயது வரை வாளாவிருந்துவிடுகிறார்கள். ஆறு வயது என்பது மடலுக்குரிய கணக்கு. கேள்விக்குரிய கணக்கு மாதங்களில் ஓடுகிறது. பேச்சைக் கற்கும் மூளை முதல் மூன்று ஆண்டுகளில் ஒலியை வேண்டிப் பசித்திருக்கிறது. அந்தப் பசிக்கு அப்பொழுது உணவில்லையேல் பின்னால் எவ்வளவு கொடுத்தாலும் முழுதும் ஈடாவதில்லை. இரு செவிகளும் மூடிப் பிறந்த குழந்தைக்கு, எலும்பின் வழியாக ஒலியைக் கடத்தும் கருவியை ஒரு நாடாவில் வைத்துத் தலையில் கட்டிவிட்டால், சில மாதக் குழந்தையாக இருக்கும்போதே தாயின் குரலைக் கேட்கத் தொடங்கிவிடும். மண்டையோட்டெலும்பில் டைட்டானியம் ஆணி பதித்து அதில் கருவியை மாட்டும் முறையை 1977-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்தில் டியெல்ஸ்ட்ராமும் பிரோனெமார்க்கும் தொடங்கினார்கள். அது எலும்பு தடித்த பின்னர், ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உரியது. ஒரு செவி மாத்திரம் குறைபட்டிருந்தால் "மற்றது நன்றாயிருக்கிறதே" என்று ஆறுதல் கொள்கிறோம். ஆனால் அமெரிக்காவில் பெஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் 1980-களில் கண்டபடி, ஒரு செவி மட்டும் கேட்கும் குழந்தைகளில் சுமார் 35 சதவீதம் பேர் பள்ளியில் ஏதாவதொரு வகுப்பில் தவறியிருந்தார்கள். இரைச்சலான வகுப்பறையில், ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதே தெரியாமல், ஆசிரியரின் பாதிச் சொல்லை ஊகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தை அது. அதை முதல் வரிசையில், நல்ல செவி ஆசிரியரை நோக்கியிருக்கும்படி உட்காரவைப்பதற்குச் செலவொன்றும் இல்லை.

நன்றாயிருப்பதாகத் தோன்றும் செவியையும் நம்பிவிடக் கூடாது. தாய்க்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா அம்மை கண்டால் குழந்தையின் கண்ணில் புரை விழுவதை 1941-இல் சிட்னியின் நார்மன் கிரெக் கண்டறிந்தார்; அக்குழந்தைகள் பலரும் செவிடாயிருப்பதும் அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. அவர்களுடைய செவிமடலில் குறையே இல்லை. அந்த நோய்க்கு எதிரான தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் இந்தியாவில் தொடங்கியபோது, முதற்கட்டத்திலேயே தமிழ்நாடும் புதுச்சேரியும் இடம்பெற்றிருந்தன. மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய சொந்தத்தில் செய்யும் விவாகங்களில் உட்காதின் செவிடு கூடுதலாக வருவதையும் நாம் அறிவோம். செவிமடல் குறைக்கெல்லாம் சொந்த விவாகமே காரணமென்று சொல்லிவிட முடியாது. ஆனால் குடும்பத்தில் பிறவிச் செவிடு ஒருவர் இருக்கும்போது, மறுபடியும் அதே இரத்தத்தில் சம்பந்தம் செய்வதற்கு முன் மரபியல் ஆலோசனை கேட்பது விவேகம்.

ஆகவே, செவிமடல் குறையோடு குழந்தை பிறந்த வீட்டாருக்கு நான் விண்ணப்பித்துக்கொள்வது இதுதான். தாயைக் குறை கூறாதீர்கள். அவள் அறியுமுன்பே, சிலவேளை கர்ப்பமென்று அவளே அறியுமுன்பே, நடந்துவிட்ட காரியம் அது. மூளிக்காது என்று குழந்தையின் காதுபட யாரையும் சொல்லவிடாதீர்கள். குழந்தை வைத்தியரிடம் தாடை, கண், முதுகு, இருதயம், சிறுநீரகம் ஆகியவற்றைச் சோதித்துத் தரச் சொல்லுங்கள். துவாரம் மூடிய செவிக்கு, துவாரத்தின் வழியே செய்யும் சாதாரண ஓ.ஏ.இ. கேள்விச் சோதனை பயன்படாது; நல்ல செவிக்கு அதையும், மூடிய செவிக்கு எலும்பு வழியாக ஒலி செலுத்திச் செய்யும் பெரா சோதனையையும் கேட்டு வாங்குங்கள். மாவட்டந்தோறும் உள்ள இடையீட்டுச் சேவை மையங்களில், 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், பிறவிச் செவிட்டுக்கான பரிசோதனையும் சிகிச்சைக்கு வழிகாட்டுதலும் இலவசமாகக் கிடைக்கின்றன. உட்காதே கெட்டிருந்து காக்ளியர் இம்பிளான்ட் தேவைப்படும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் நிச்சயம், ஆறு மாதத்துக்குள் கருவி: உலகெங்கும் நிபுணர்கள் ஒப்புக்கொண்ட கெடு இது. மடலுக்கான நாளை வைத்தியர் பிறகு குறித்துக் கொடுப்பார். கேள்விக்கான சோதனையை இந்த மாதமே செய்துவிடுங்கள்.